குரல் அழைப்பை மறையாக்கத்தால் காப்பது எப்படி: பாதை, திறவுகோல், சரிபார்ப்பு

பிறர் கேட்கக் கூடாத ஒன்றைத் தொலைபேசியில் பேச நேரும்போது, செயலியின் திரையில் தெரியும் சிறிய பூட்டுப் படத்தைப் பார்த்ததும் நம் மனம் அமைதியடைந்துவிடுகிறது. ஏதோ ஒரு மறையாக்கம், அதாவது பேச்சைப் பிறருக்குப் புரியாத வடிவுக்கு மாற்றுவது, நடக்கிறது என்பதை மட்டுமே அந்தப் படம் சொல்கிறது. மறையாக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதைத் திறக்கும் திறவுகோலான இரகசிய எண் யாரிடம் இருக்கிறது, மறுமுனையில் இருப்பவர் நாம் நினைக்கும் அதே நபர்தானா என்பவற்றை நாமேதான் கேட்டு விடை காண வேண்டும். குரல் மறையாக்கம் வளர்ந்த கதையைப் படிக்கப் படிக்க, மறைவுமுறையின் (மறையாக்கம் செய்யும் விதிமுறையின்) கணிதத்தைவிட இந்தக் கேள்விகளை யாரும் கேட்காமல் விட்டதே பேச்சு வெளியே கசிவதற்குப் பெரிய காரணமாக இருந்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டது. ஆகவே, செய்ய வேண்டியவற்றை அவற்றின் காரணங்களோடு சேர்த்தே இங்கே விளக்குகிறேன். காரணம் தெரிந்தவர், நாளை செயலி மாறினாலும் தடுமாற மாட்டார்.

அழைப்பு செல்லும் பாதையை வரைந்து பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் வாயிலிருந்து மறுமுனையில் இருப்பவரின் காது வரை குரல் கடக்கும் இடங்களை வரிசையாக எழுதுங்கள். சாதாரண செல்போன் அழைப்பு என்றால் கைபேசி, வானலை, செல்போன் கோபுரம், சேவை நிறுவனத்தின் உள் வலையமைப்பு, மறுபக்கத்துக் கோபுரம், மீண்டும் வானலை, மறு கைபேசி என்று அந்த வரிசை அமையும். இவற்றில் மறையாக்கம் காக்க முயல்வது பெரும்பாலும் வானலைப் பகுதியைத்தான். வலையமைப்புக்குள் நுழைந்ததும் அது அவிழ்க்கப்பட்டு, நிறுவனத்தின் கருவிகள் வழியாகப் பேச்சு பேச்சாகவே செல்கிறது. அந்தக் கருவிகளை இயக்குபவரும், அவற்றுக்குள் புகுந்தவரும் கேட்க நினைத்தால் கேட்கலாம்.

வானலைப் பகுதியும் எல்லாத் தலைமுறைகளிலும் ஒரே உறுதியுடன் இல்லை. 2ஜி வலையமைப்பில் பயன்பட்ட ஏ5/1 என்ற மறைவுமுறையின் திறவுகோல் நீளம் 64 பிட் மட்டுமே. அதை உடைப்பதற்கென முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணைகளை 2009-ஆம் ஆண்டு கார்ஸ்டன் நோல் தலைமையிலான ஆய்வாளர்கள் பொதுவெளியில் வைத்தார்கள். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் அதில் உண்டு. 2ஜி-யில் கைபேசி தன்னைக் கோபுரத்துக்கு நிரூபிக்க வேண்டும். கோபுரம் தன்னைக் கைபேசிக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் போலிக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, அருகில் இருக்கும் கைபேசிகளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள ஒருவரால் முடியும். இதற்கு நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல், ஆதரவுள்ள கைபேசிகளின் சிம் அமைப்புகளில் 2ஜி-யை அணைத்து வைக்கும் தெரிவு இருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 17 முதல் லாக்டவுன் மோடு என்ற கடும் பாதுகாப்பு நிலையை இயக்கினால் 2ஜி இணைப்பு நின்றுவிடும். உங்கள் பகுதியில் 3ஜி-க்கு மேற்பட்ட சேவை சீராகக் கிடைக்குமானால் தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

இப்படி வரைந்த தாளில், மறையாக்கம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கோடிட்டுக் காட்டுங்கள். உங்கள் கைபேசியில் தொடங்கி மறுமுனைக் கைபேசியில் மட்டுமே அது முடிந்தால், அதுவே முனைக்கு முனை மறையாக்கம். சிக்னல், வாட்ஸ்அப், ஃபேஸ்டைம் ஆகியவற்றின் அழைப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இடையில் எங்காவது அது அவிழ்ந்து மீண்டும் பூட்டப்பட்டால், அவிழும் அந்த இடத்தின் பொறுப்பாளரை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். கூட்ட அழைப்புச் செயலிகளில் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். ஜூம் செயலி முனைக்கு முனை மறையாக்கத்தை 2020 அக்டோபரில் கொண்டுவந்தபோது, அதைப் பயனரே இயக்கிக்கொள்ள வேண்டிய தெரிவாகத்தான் வைத்தது. அதை இயக்கினால் சாதாரணத் தொலைபேசி எண் வழியாக யாரும் கூட்டத்தில் சேர முடியாது. அது இயல்பே; சாதாரணத் தொலைபேசியால் மறையாக்கத்தை அவிழ்க்க முடியாது என்பதால், அதற்காக வேறு எங்கோ அவிழ்த்தாக வேண்டும். எண்ணைச் சுழற்றியும் சேரலாம் என்று ஒரு கூட்ட அழைப்பு சொன்னால், அப்படி ஒருவர் சேர்ந்திருக்கும் வரை அது முனைக்கு முனை மறையாக்கமாக இருக்க வழியில்லை என்று கொள்ளுங்கள்.

குரலைக் குலைப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல

குரலைத் தலைகீழாக்கும், துண்டு துண்டாக மாற்றி அடுக்கும் கருவிகளும் செயலிகளும் இன்றும் பாதுகாப்பு என்ற பெயரில் கிடைக்கின்றன. அவற்றை நம்ப வேண்டாம் என்பதற்கு இரண்டாம் உலகப் போர் நல்ல சான்று தந்திருக்கிறது. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக்கைக் கடந்து வானொலித் தொலைபேசியில் பேசியபோது ஏ-3 என்ற குலைப்பான் பயன்பட்டது. குரலின் அதிர்வெண் பட்டையை அது ஐந்து பகுதிகளாகப் பிரித்து, இடம் மாற்றியும் புரட்டியும் அனுப்பியது. ஜெர்மன் அஞ்சல் துறையின் பொறியாளர்கள் அதன் ஒழுங்கைக் கண்டுபிடித்து, 1942 முதல் நெதர்லாந்துக் கடற்கரையில் அமைத்த நிலையத்திலிருந்து அந்த உரையாடல்களை உடனுக்குடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதப் பேச்சில் தேவைக்கு மேற்பட்ட தகவல் நிறைந்திருக்கிறது. பாதியைச் சிதைத்தாலும் பழகிய காது மீதியை வைத்து இட்டு நிரப்பிக்கொள்ளும். குலைத்த குரலிலும் பேச்சின் ஏற்ற இறக்கமும் இடைவெளியும் அப்படியே தங்கிவிடுகின்றன.

இதற்கு மாற்றாக அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிக்சலி என்ற அமைப்பு, 1943 ஜூலை 15 அன்று வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே செயல்படத் தொடங்கியது. ஹோமர் டட்லி உருவாக்கியிருந்த வோகோடர் என்ற கருவி அதற்கு அடிப்படை. குரலை அப்படியே அனுப்புவதற்குப் பதிலாக, அதன் பத்து அதிர்வெண் பட்டைகளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதையும் குரலின் சுருதியையும் நொடிக்கு 50 முறை அளந்து, அளவுகளை எண்களாக மாற்றி அனுப்பினார்கள். குரல் எண்ணான அந்த நொடியில்தான் உண்மையான மறையாக்கம் குரலுக்குச் சாத்தியமாயிற்று என்பேன். ஒரு முனையத்தின் எடை ஏறக்குறைய 55 டன். அதன் செயல்முறையோ ஒரு சிறுவனுக்கும் விளக்கிவிடக்கூடியது. இன்று உங்கள் கைபேசியில் நடப்பதன் சாரமும் அதுவே என்பதால், சற்று நின்று பார்ப்பது பயன் தரும்.

ஒவ்வோர் அளவும் 0 முதல் 5 வரை உள்ள ஆறு நிலைகளில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. இசைத்தட்டு ஒன்றில் பதிந்து வைத்த ஒழுங்கற்ற இரைச்சலிலிருந்து அதே போல 0 முதல் 5 வரை ஓர் எண் எடுக்கப்பட்டது. இரண்டையும் கூட்டி, விடை 6 அல்லது அதற்கு மேல் வந்தால் 6-ஐக் கழித்துவிடுவார்கள். குரலின் அளவு 4, இசைத்தட்டின் எண் 5 என்றால் கூட்டுத்தொகை 9, அனுப்பப்படுவது 3. மறுமுனையில் அதே இசைத்தட்டின் இரட்டைப் பிரதி அதே கணத்தில் சுழன்றுகொண்டிருக்கும்; 3-இலிருந்து 5-ஐக் கழித்து 6-ஐக் கூட்டினால் 4 திரும்பக் கிடைத்துவிடும். வழியில் கேட்பவருக்கு 3 என்ற எண் மட்டுமே தெரியும். இசைத்தட்டின் எண் ஆறில் எதுவாகவும் இருந்திருக்கலாம் என்பதால், குரலின் அளவும் ஆறில் எதுவாகவும் இருந்திருக்கலாம். எத்தனை கருவிகளை வைத்தாலும் அவரால் அதற்கு மேல் போக முடியாது. பயன்படுத்திய இசைத்தட்டுகளை அழித்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

அழிப்பது ஏன்? அதே இசைத்தட்டை வேறோர் உரையாடலுக்கு மீண்டும் சுழலவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் உரையாடலில் அதே இடத்தில் குரலின் அளவு 1 என்று வைத்துக்கொள்வோம். இசைத்தட்டின் 5-ஐக் கூட்டினால் 6, அனுப்பப்படுவது 0. இப்போது வழியில் கேட்டவர் முதல் உரையாடலின் 3-இலிருந்து இரண்டாவதின் 0-வைக் கழித்தால் 3 கிடைக்கிறது. அது 4-க்கும் 1-க்கும் உள்ள வேறுபாடு. இசைத்தட்டின் எண் அடிபட்டுப் போய், இரண்டு குரல்களின் வேறுபாடு மட்டும் வெளியே வந்துவிட்டது. இரண்டில் ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும்.

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. 2020-ஆம் ஆண்டு ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, 4ஜி குரல் அழைப்புகளில் இதே பிழையைக் கண்டுபிடித்தது. சில கோபுரங்கள், ஒரே வானலை இணைப்புக்குள் அடுத்தடுத்து வந்த இரண்டு அழைப்புகளுக்கு ஒரே மறைவோட்டத்தை, அதாவது இசைத்தட்டின் இடத்தில் பேச்சோடு கூட்டப்படும் எண்வரிசையை, பயன்படுத்தின. ஒருவருடைய அழைப்பை மறைந்த நிலையிலேயே பதிவு செய்துவிட்டு, அது முடிந்தவுடன் அவரை அழைத்துச் சற்று நேரம் பேச்சுக் கொடுத்தால் போதும். இரண்டாம் அழைப்பின் பேச்சு தாக்குபவருக்குத் தெரியும் என்பதால் மறைவோட்டத்தைக் கணக்கிட்டு, முதல் அழைப்பை அவிழ்த்துவிடலாம். கோபுரத்தில் உள்ள பிழையைப் பயனரால் திருத்த முடியாது. எனவே நீங்கள் செய்ய வேண்டியது, கோபுரத்தின் மறையாக்கம் எப்படி இருந்தாலும் பாதிக்கப்படாதபடி, அதற்கு மேலே முனைக்கு முனை மறையாக்கம் கொண்ட செயலியில் பேசுவதுதான். செயலியின் புதுப்பிப்புகளை உடனுக்குடன் நிறுவுவதும் இதில் அடங்கும்.

மறுமுனையைச் சரிபாருங்கள்

பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி இது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படியும் இதுவே.

சிக்சலியில் திறவுகோலை இசைத்தட்டாகக் கடல் கடந்து எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. முன்பின் சந்திக்காத இருவர் வெளிப்படையான பாதையிலேயே பேசி ஒரு பொது இரகசியத்தை உருவாக்கிக்கொள்ளும் முறையை 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட பிறகு, அந்தச் சுமை நீங்கியது. ஆனால் அந்த முறையில் இயல்பாகவே ஒரு குறை உண்டு: யாரோடு இரகசியத்தை உருவாக்குகிறோம் என்பதை அது சொல்வதில்லை. நடுவில் ஒருவர் நுழைந்து, உங்களோடு ஒரு திறவுகோலும் உங்கள் நண்பரோடு வேறொரு திறவுகோலும் ஏற்படுத்திக்கொண்டு, இரு பக்கமும் பேச்சை அவிழ்த்துப் பூட்டிக் கடத்தினால், இருவருக்கும் அழைப்பு பாதுகாப்பாகவே தோன்றும். பூட்டுப் படமும் இருவர் திரையிலும் தெரியும்.

அமெரிக்க அரசுப் பணிக்காக 1987-இல் வந்த எஸ்டியு-3 தொலைபேசி, மறையாக்கம் தொடங்கும்போது மறுமுனையில் இருப்பவரின் அடையாளத்தைச் சிறு திரையில் காட்டியது. அதைப் பார்த்த பிறகே இரகசியத்தைப் பேச வேண்டும். பொதுமக்களுக்கு இந்த வசதி வேறு வடிவில் வந்தது. ஃபில் சிம்மர்மன் 1995-இல் வெளியிட்ட பிஜிபிஃபோனிலும், பின்னர் அவர் உருவாக்கி 2011-இல் ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 6189 என்ற எண்ணுடன் வெளியான இசட்ஆர்டிபி நெறிமுறையிலும், இரு திரைகளிலும் சில எழுத்துகளோ இரண்டு சொற்களோ தோன்றும். பேசுபவர்கள் அவற்றை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். நடுவில் யாரும் இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், இருந்தால் மாறிப்போகும். இரண்டே சொற்கள் எப்படிப் போதும் என்று கேட்கலாம். திறவுகோல் பரிமாற்றத்துக்கு முன்பே ஒரு பக்கம், தான் தரப்போகும் எண்ணைப் பிறகு மாற்ற முடியாதபடி கட்டிப்போடும் ஓர் உறுதிமொழியை அனுப்பிவிடுவதால், நடுவில் நுழைபவரால் பல முறை முயன்று பொருந்தும் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு ஓர் அழைப்புக்கு ஒரே வாய்ப்பு. இரண்டு சொற்கள் 16 பிட் என்பதால் அது 65,536-இல் ஒன்று. தவறினால் உடனே பிடிபட்டுவிடுவார்.

இதைச் செய்யும் விதம் செயலிக்குச் செயலி மாறும். டெலிகிராம் அழைப்பில் திரையின் மேல் நான்கு எமோஜிகள் தோன்றும். ஒவ்வோர் அழைப்பிலும் அவற்றை வாய்விட்டுச் சொல்லி ஒப்பிட வேண்டும். ஒருவர் முதல் இரண்டையும் மற்றவர் கடைசி இரண்டையும் சொல்வது நல்ல பழக்கம். ஒருவர் சொன்னதையெல்லாம் மற்றவர் கேட்டு "ஆமாம்" என்று மட்டும் சொன்னால், அவர் உண்மையில் திரையைப் பார்த்தாரா என்று தெரியாது. சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் நிலையான 60 இலக்க எண் ஒன்று ஒவ்வொரு தொடர்புக்கும் உண்டு. தொடர்பின் விவரப் பக்கத்தில் சிக்னலில் பாதுகாப்பு எண் என்ற பகுதியையும், வாட்ஸ்அப்பில் மறையாக்கம் என்ற பகுதியையும் திறந்தால் அதைக் காணலாம். நேரில் சந்திக்கும்போது ஒருவர் திரையில் உள்ள கியூஆர் குறியை மற்றவர் கேமராவால் படிப்பது எல்லாவற்றிலும் உறுதியான வழி. சந்திக்க இயலாவிட்டால், அதே செயலியில் எழுதி அனுப்பாமல், வேறொரு வழியில் ஒப்பிடுங்கள். சோதிக்கப்படும் பாதையையே சோதனைக்குப் பயன்படுத்துவதில் பொருளில்லை. இதை ஒரு முறை செய்துவிட்டால், எண் மாறும் வரை திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மாறினால் தெரியவேண்டும் என்பதற்காக, வாட்ஸ்அப்பின் கணக்கு அமைப்புகளுக்குள் பாதுகாப்பு அறிவிப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கி வையுங்கள்.

குரலைக் கேட்டே ஆளை உறுதி செய்துவிடலாம் என்று முன்பு நம்பினோம். குரலைக் கணினியால் நகலெடுக்கும் முறைகள் வந்த பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. சொற்களை ஒப்பிடுவதை அழைப்பின் தொடக்கத்தில் சடங்காகச் செய்யாமல், உரையாடலின் நடுவே, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றோடு சேர்த்துக் கேட்பது நடிப்பவரின் வேலையைக் கடினமாக்கும்.

சொந்தமாக அழைப்பு அமைப்பை நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை

அலுவலகத்துக்கென இணையவழித் தொலைபேசிச் சேவையகம் நடத்துபவர்கள், குரல் பொட்டலங்களை (குரலின் சிறு தகவல் துண்டுகளை) சுமக்கும் ஆர்டிபி நெறிமுறைக்குப் பதிலாக, அதன் மறையாக்க வடிவமாக 2004-இல் வரையறுக்கப்பட்ட எஸ்ஆர்டிபி-யைக் கட்டாயமாக்க வேண்டும். "முடிந்தால் மறையாக்கம்" என்ற தெரிவு பல கருவிகளில் இயல்பாகவே இருக்கும். அதை விட்டுவைத்தால் தாக்குபவர் மறையாக்கத்தை மறுத்துத் திறந்த அழைப்புக்கு இறக்கிவிடலாம். திறவுகோல் எந்த வழியில் கைமாறுகிறது என்பது அதைவிட முக்கியம். எஸ்டிஇஎஸ் முறையில் அழைப்பை ஏற்படுத்தும் செய்திக்குள்ளேயே திறவுகோல் எழுதப்பட்டு, வழியில் உள்ள ஒவ்வொரு சேவையகத்தின் கையிலும் கிடைக்கிறது. டிடிஎல்எஸ்-எஸ்ஆர்டிபி முறையில் குரல் செல்லும் பாதையிலேயே இரு முனைகளும் திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. உலாவிகளில் இயங்கும் வெப்ஆர்டிசி இந்த முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முடிந்த இடங்களிலெல்லாம் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

இனிச் சொல்லப்போவது பலரும் எதிர்பாராத கசிவு. மறையாக்கம் பொட்டலத்தின் உள்ளடக்கத்தை மறைக்கிறது. அதன் நீளத்தை மறைப்பதில்லை. குரலைச் சுருக்கும் கோடெக்குகள் பலவற்றில் மாறும் பிட்வீதம் என்ற வசதி உண்டு. உயிரொலிக்கு நீண்ட பொட்டலமும், "ஸ்" போன்ற ஒலிக்குக் குறுகிய பொட்டலமும் அனுப்பி அலைவரிசையை மிச்சப்படுத்துவது அதன் நோக்கம். பொதுவாக ஒரு பொட்டலம் 20 மில்லிநொடிப் பேச்சைச் சுமப்பதால், நொடிக்கு 50 நீளங்கள் வெளியே தெரிகின்றன. அந்த நீள வரிசையை மட்டும் பார்த்து, பேசப்படும் மொழி எது என்று ஊகிக்கலாம் என்று 2007-இலும், குறிப்பிட்ட சொற்றொடர்கள் பேசப்பட்டதைக் கண்டுபிடிக்கலாம் என்று 2008-இலும் சார்லஸ் ரைட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். திறவுகோலைத் தொடவே இல்லை. மறைவுமுறையில் ஒரு பிழையும் இல்லை. ஆகவே 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6562, இரகசியம் முக்கியமான இடங்களில் மாறா பிட்வீதத்தைப் பயன்படுத்தும்படி அறிவுறுத்தியது. ஓபஸ் கோடெக்கில் மாறா பிட்வீதத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது, அதை இயக்குங்கள். பேசாத நேரத்தில் பொட்டலங்களை நிறுத்திவைக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். பேச்சின் இடைவெளிகளும் தகவலே. இதனால் அலைவரிசை சற்றுக் கூடுதலாகச் செலவாகும். இன்றைய இணைப்புகளில் அது பெரிய சுமையன்று.

மறையாக்கம் தொடாத இடங்கள்

யார் யாரை எப்போது அழைத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற விவரங்களைக் குரல் மறையாக்கம் மறைப்பதில்லை. இருவர் அழைப்பு பெரும்பாலும் நேரடி இணைப்பாகச் செல்வதால், இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும், இருக்கும் இடத்தையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும் ஐபி முகவரி மறுமுனைக்குத் தெரியக்கூடும். இருக்கும் இடம் தெரியக் கூடாது என்ற நிலையில் இருப்பவர்கள், சிக்னலில் அழைப்புகளை எப்போதும் இடைச் சேவையகம் வழியாக அனுப்பும் தெரிவையும், வாட்ஸ்அப்பில் அழைப்புகளின்போது ஐபி முகவரியைப் பாதுகாக்கும் தெரிவையும் இயக்க வேண்டும். ஒலித்தரம் சிறிது குறையலாம்; முனைக்கு முனை மறையாக்கம் அப்படியே இருக்கும்.

மைக்ரோஃபோனுக்கு முன்னால் எந்த மறையாக்கமும் இல்லை. கைபேசியில் உளவு மென்பொருள் இருந்தால், குரல் பூட்டப்படுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். மைக்ரோஃபோன் அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலை அமைப்புகளில் திறந்து, தேவையற்றவற்றை நீக்குங்கள். ஒலிபெருக்கியில் பேசாதீர்கள். குரலால் இயங்கும் கருவிகள் உள்ள அறையிலிருந்து வெளியே வந்து பேசுங்கள். மறுமுனையில் இருப்பவரிடமும், அவர் தனியாக இருக்கிறாரா, அழைப்பு பதிவாகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரிபார்த்த எண் ஒருநாள் மாறிவிட்டதாக அறிவிப்பு வந்தால் பதற வேண்டாம். கைபேசியை மாற்றினாலும் செயலியை நீக்கி மீண்டும் நிறுவினாலும் அது மாறும். ஆனால் புதிய எண்ணை ஒப்பிட்டு முடிக்கும் வரை அந்தத் தொடர்பில் இரகசியம் எதையும் பேசாதீர்கள். "கைபேசியை மாற்றினேன்" என்று அதே செயலியில் வரும் செய்தியை விளக்கமாக ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். அழைப்பின்போது சொற்களோ எமோஜிகளோ பொருந்தாவிட்டால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் அழைப்பைத் துண்டித்துவிட்டு, முடிந்தால் வேறொரு வலையமைப்பிலிருந்து மீண்டும் அழையுங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால், சொல்ல வேண்டியதை நேரில் சந்திக்கும் நாளுக்கு ஒத்திவையுங்கள்.